கையெழுத்துக்கு முன்: அமெரிக்காவில் முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு

2024 ஆகஸ்ட் 17-இலிருந்து அமெரிக்காவில் ஏஜெண்டுடன் வீடு பார்க்கக் கிளம்புகிறவர்கள், வாசற்படி ஏறுவதற்கு முன்பே ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. எடிசன், ஃப்ரிஸ்கோ, ஃப்ரீமான்ட் என்று நம் ஆட்கள் நிறைய இருக்கும் ஊர்களில் முதல் வீடு தேடும் இளம் குடும்பங்கள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்கிறார்கள்: “அங்கிள், இனிமே ஏஜெண்டே தேவையில்லைன்னு சொல்றாங்களே, நிஜமா?” பல குடும்பங்களின் வீட்டுப் பேரத்தில் கூட இருந்தவன் என்ற உரிமையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எந்த வேலைக்கு ஏஜெண்ட், அதற்கு என்ன கூலி என்று கேட்டுப் பழகுங்கள். அப்படிக் கேட்கும் வாய்ப்பைத்தான் புது விதிகள் உங்களுக்குக் கொடுத்திருக்கின்றன.

1. என்ன மாறியது என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

பல பத்தாண்டுகளாக நடந்து வந்த வழக்கம் இது. வீட்டை விற்பவர் விலையில் 5 அல்லது 6 சதவீதத்தைக் கமிஷனாகக் கொடுப்பார். அதை அவருடைய ஏஜெண்டும் வாங்குபவரின் ஏஜெண்டும் பங்கு போட்டுக்கொள்வார்கள். வாங்குபவரின் ஏஜெண்டுக்கு எவ்வளவு என்பது எம்.எல்.எஸ். எனப்படும் ஏஜெண்டுகளின் விற்பனைப் பட்டியலிலேயே எழுதியிருக்கும். நம்மிடம் “உங்களுக்கு ஒரு செலவும் இல்லை, எல்லாம் செல்லர் கொடுத்துவிடுவார்” என்பார்கள். செல்லர் கையால் கொடுத்தாலும், வீடு கை மாறும் க்ளோசிங் மேசைக்கு அந்தப் பணம் வந்தது உங்கள் லோனிலும் உங்கள் சேமிப்பிலும் இருந்துதான்.

மிசௌரி மாநிலத்தில் வீடு விற்றவர்கள் இந்த ஏற்பாட்டை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2023 அக்டோபர் 31 அன்று கான்சஸ் சிட்டியில் நடுவர் குழு, நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ரியல்டர்ஸ் என்ற ஏஜெண்டுகள் சங்கமும் சில பெரிய தரகு நிறுவனங்களும் சேர்ந்து கமிஷனை உயர்த்தி வைத்தன என்று தீர்ப்புச் சொன்னது. இழப்பீடு ஏறத்தாழ 178 கோடி டாலர். 2024 மார்ச்சில் அந்தச் சங்கம் 41.8 கோடி டாலர் கொடுத்துச் சமரசத்துக்கு வந்தது. அந்தச் சமரசத்தில் பிறந்தவைதான் புது விதிகள். ஒன்று, வாங்குபவரின் ஏஜெண்டுக்கு இவ்வளவு தருகிறோம் என்று எம்.எல்.எஸ்.ஸில் இனி எழுதக்கூடாது. இரண்டு, எம்.எல்.எஸ்.ஸில் இருக்கும் ஏஜெண்ட் உங்களுக்கு வீடு காட்டுவதற்கு முன் கூலியைக் குறிப்பிட்ட எழுத்து ஒப்பந்தம் வேண்டும். வீடியோவில் நேரலையாகச் சுற்றிக் காட்டினாலும் இதே கதைதான்.

செல்லர் உங்கள் ஏஜெண்டுக்குப் பணம் கொடுப்பதை யாரும் தடை செய்யவில்லை. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டு, “இனி எல்லாம் நம் தலையில்தான்” என்று பயப்படுகிறார்கள். செல்லரிடம் எப்படிக் கேட்பது என்று எட்டாவது குறிப்பில் சொல்கிறேன்.

2. தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கார் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, போனில் ஒரு லிங்க் அனுப்பி, “சும்மா ஃபார்மாலிட்டி” என்பார்கள். அது உங்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். முந்தைய நாளே அனுப்பச் சொல்லி, கணவனும் மனைவியும் உட்கார்ந்து படியுங்கள்.

கூலி எவ்வளவு என்று எண்ணில் இருக்க வேண்டும். சதவீதமாகவோ மொத்தத் தொகையாகவோ மணிக்கணக்காகவோ இருக்கலாம். “செல்லர் எவ்வளவு தருகிறாரோ அவ்வளவு” என்று திறந்து விட்டிருந்தால் அது விதிக்கு மாறானது. எழுதிய தொகைக்கு மேல் ஏஜெண்ட் யாரிடமிருந்தும் வாங்கக்கூடாது என்ற வரியும், கமிஷன் சட்டம் நிர்ணயித்ததல்ல, பேசி முடிவு செய்யக்கூடியது என்ற வரியும் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். “இதுதான் ஸ்டாண்டர்ட் ரேட், குறைக்க முடியாது” என்று யாராவது சொன்னால், அவர் நீட்டிய தாளிலேயே இருக்கும் அந்த வரியைக் காட்டுங்கள்.

அடுத்து காலம். எடுத்த எடுப்பில் ஆறு மாதத்துக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். ஒரு வீட்டுக்கு மட்டும், ஒரு வார இறுதிக்கு மட்டும் என்றுகூட எழுதலாம். பழகிப் பார்த்து, பிடித்திருந்தால் நீட்டித்துக்கொள்ளலாம். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் தனிநபர்களிடம் மூன்று மாதத்துக்கு மேல் ஒரே ஒப்பந்தமாக எழுதி வாங்க முடியாது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் நிபந்தனையும் அங்கே செல்லாது. மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் அதையே அளவாக வைத்துக்கொண்டு பேசுங்கள்.

மூன்றாவது, “எக்ஸ்க்ளூசிவ்” என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தக் காலத்துக்குள், அந்த ஊர் எல்லைக்குள் வேறு யார் மூலம் வீடு வாங்கினாலும் இவருக்குக் கூலி கொடுக்க வேண்டி வரலாம். ஒரு ஏஜெண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நண்பரின் மனைவி லைசென்ஸ் எடுத்திருக்கிறார் என்று அவரோடு போய் வாங்கினால் இரண்டு பக்கமும் அழ நேரும். ஒப்பந்தம் முடிந்த பிறகும் சில வாரங்களுக்கு, அவர் காட்டிய வீட்டை வாங்கினால் கூலி உண்டு என்ற நிபந்தனையும் வழக்கமாக இருக்கும். அது நியாயமானதுதான், ஆனால் நாட்களின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

3. ஓப்பன் ஹவுஸுக்குத் தனியாகப் போகக் கையெழுத்து வேண்டாம்.

வாசலில் பேர் எழுதும் நோட்டு இருக்கும். அது வேறு, ஒப்பந்தம் வேறு. உள்ளே சிரித்த முகத்துடன் நிற்பவர் செல்லரின் ஏஜெண்ட். நீங்கள் சொல்வதைச் செல்லரிடம் சொல்வது அவர் கடமை. எவ்வளவுக்கு ப்ரீ-அப்ரூவல் வாங்கியிருக்கிறீர்கள், அபார்ட்மென்ட் லீஸ் எப்போது முடிகிறது, குழந்தை எந்தப் பள்ளியில் சேர வேண்டும் என்றெல்லாம் அவரிடம் பேசாதீர்கள். நம் ஆட்களுக்கு வெள்ளந்தியாகப் பேசும் பழக்கம் உண்டு, “இந்த வீடு எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு” என்று சமையலறையில் நின்றே சொல்லிவிடுவார்கள். அதைக் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு பேசிக்கொள்ளுங்கள்.

4. உங்களுக்கு ஏஜெண்ட் தேவையா என்பதை வேலையை வைத்து முடிவு செய்யுங்கள்.

வீட்டைக் கண்டுபிடிப்பது ஒரு காலத்தில் ஏஜெண்டின் வேலை. இன்று அதை ராத்திரி படுக்கையில் போனை வைத்துக்கொண்டு நீங்களே செய்கிறீர்கள். அதற்கு 15,000 டாலர் கொடுக்கத் தேவையில்லை. மிச்சமிருக்கும் வேலைகள் வேறு. அக்கம்பக்கத்தில் சமீபத்தில் விற்ற வீடுகளை வைத்து, கேட்கும் விலை நியாயமா என்று சொல்வது. எத்தனை ஆஃபர் வந்திருக்கின்றன, செல்லருக்கு அவசரம் பணமா காலமா என்று எதிர்ப்பக்க ஏஜெண்டின் வாயைக் கிளறுவது. ஆஃபரில் எந்த நிபந்தனையை விடலாம், எதை விடக்கூடாது என்று சொல்வது. இன்ஸ்பெக்‌ஷனில் வந்த நாற்பது குறைகளில் எந்த மூன்றுக்காகச் சண்டை போட வேண்டும் என்று பிரித்துக் காட்டுவது. லோன், அப்ரைசல், க்ளோசிங் என்று ஒவ்வொரு கெடு தேதியும் தவறாமல் பார்த்துக்கொள்வது. இவை உழைப்பு. இதைச் செய்யத் தெரிந்தவருக்குக் கூலி கொடுப்பதில் எனக்குத் தயக்கம் கிடையாது.

வேறு மாநிலத்திலிருந்து வந்து முதல் வீடு வாங்குகிறீர்கள், ஒரு வீட்டுக்குப் பத்து ஆஃபர் விழும் ஊர், பழைய வீடு: இப்படியானால் நல்ல ஏஜெண்டை வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் வீட்டையே வாங்குகிறீர்கள், விலை பேசி முடிந்துவிட்டது. அல்லது அதே ஊரில் இது இரண்டாவது வீடு, படிவங்கள் பழக்கம், பகலில் போன் பேச நேரம் இருக்கிறது: இப்படியானால் ஒரு வக்கீலும் ஒரு நல்ல இன்ஸ்பெக்டரும் போதும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு நான் சொல்வது, ஏஜெண்டை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கூலியைப் பேசுங்கள். முதல் வீட்டில் தெரியாமல் விடும் ஒரு தவறான நிபந்தனை, கமிஷனை விடப் பெரிய பணத்தைத் தின்றுவிடும்.

5. “ஏஜெண்ட் இல்லை, அதனால் அந்தப் பணம் நமக்கு மிச்சம்” என்று எண்ணிவிடாதீர்கள்.

செல்லருக்கும் அவருடைய ஏஜெண்டுக்கும் தனி ஒப்பந்தம் இருக்கிறது. வாங்குபவர் தனியாக வந்தால் கமிஷன் குறையும் என்று அதில் எழுதியிருந்தால்தான் செல்லருக்கு மிச்சம். எழுதாவிட்டால் முழுத் தொகையும் செல்லரின் ஏஜெண்டுக்கே போகலாம். ஆகவே தனியாகப் போகிறவர்கள், ஆஃபர் விலையிலேயே அதைக் குறைத்துக் கேளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு குரல் வரும்: “உங்களுக்கும் நானே பார்த்துக்கொள்கிறேனே.” இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஏஜெண்ட். ஃப்ளோரிடாவிலும் கொலராடோவிலும் ஒருவரே இரு தரப்பையும் முழுமையாகப் பிரதிநிதித்துவப்படுத்துவதைச் சட்டமே அனுமதிப்பதில்லை. பல மாநிலங்களில் உங்கள் எழுத்துச் சம்மதத்தோடு அனுமதி உண்டு. சம்மதிக்காதீர்கள். அதிக விலை கேட்பவருக்கும் குறைந்த விலை கேட்பவருக்கும் ஒரே ஆள் வாதாட முடியாது.

6. வக்கீலுக்கும் ஏஜெண்டுக்கும் வேறுபாடு தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் நிலம் வாங்கும்போது வில்லங்கச் சான்றிதழ், பட்டா, தாய்ப்பத்திரம் எல்லாவற்றையும் நாமே எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் ஓடுவோம். தரகர் ஆளைச் சேர்த்துவிட்டு, பெரும்பாலும் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக்கொண்டு போய்விடுவார். இங்கே பத்திரத்தின் பழைய வரலாற்றை டைட்டில் கம்பெனி தேடுகிறது. லோன் கொடுப்பவருக்கு டைட்டில் இன்சூரன்ஸ் கட்டாயம். உங்கள் பெயருக்கான பாலிசி தனி, அதை வேண்டாம் என்று சொல்லி மிச்சம் பிடிக்காதீர்கள்.

நியூ ஜெர்சியில் ஏஜெண்ட் எழுதிய வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகு மூன்று வேலை நாட்கள் வக்கீல் பார்வைக்கு உண்டு. அதற்குள் உங்கள் வக்கீல் திருத்தலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். நியூயார்க், மாசசூசெட்ஸ், ஜார்ஜியா பக்கமும் வக்கீல் இல்லாமல் வீடு கை மாறுவது வழக்கமில்லை. டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் டைட்டில் அல்லது எஸ்க்ரோ கம்பெனி முடித்துவிடும். அவர்கள் நடுநிலையாளர்கள், உங்கள் பக்கத்து ஆள் அல்ல. அங்கே ஏஜெண்ட் இல்லாமல் போனால், உங்களுக்காகப் படிக்க யாருமே இல்லை என்று அர்த்தம். ஆகவே அங்கே தனியாகப் போகிறவர்கள் ஒரு ரியல் எஸ்டேட் வக்கீலைத் தேடிப் பிடித்து, மொத்தக் கட்டணமாகப் பேசிக்கொள்ளுங்கள். இது ஏஜெண்ட் கமிஷனில் சிறு பங்குதான்.

7. கூலியைப் பேசக் கூச்சப்படாதீர்கள்.

ஆறு லட்சம் டாலர் வீட்டுக்கு 3 சதவீதம் என்றால் 18,000. 2.5 என்றால் 15,000. 2 என்றால் 12,000. ஒன்பது லட்சம் வீடானால் அதே 3 சதவீதம் 27,000 ஆகிறது, ஆனால் ஏஜெண்டின் வேலை ஒன்றரை மடங்கு ஆவதில்லை. ஆகவே மொத்தத் தொகையாகக் கேட்டுப் பாருங்கள். வீடு நீங்களே தேடிக் கொடுக்கிறீர்கள், ஆஃபரிலிருந்து க்ளோசிங் வரை மட்டும் பார்க்க என்ன கேட்பீர்கள் என்று கேளுங்கள். நியூ ஜெர்சி, டெக்சாஸ், கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் ஏஜெண்ட் தன் கமிஷனில் ஒரு பகுதியை உங்களுக்குத் திருப்பிக் கொடுக்கலாம். சில மாநிலங்களில் அதற்குத் தடை உண்டு. எதுவானாலும் முதல் தாளிலேயே எழுதி வாங்குங்கள். மனதுக்குப் பிடித்த வீட்டைப் பார்த்த பிறகு பேசினால் பேரம் உங்கள் கையில் இருக்காது.

தமிழ்ச் சங்கத்தில் கூட உட்காருகிறவர், கோயிலில் பார்க்கிறவர் என்பதற்காக மட்டும் யாரையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அவரிடமும் கேளுங்கள்: போன வருஷம் இந்த ஊரில் வாங்குபவர் பக்கம் நின்று எத்தனை வீடு முடித்தீர்கள், முழு நேரமும் இதுதான் தொழிலா, நீங்கள் ஊருக்குப் போயிருந்தால் யார் வருவார்கள், வாங்குபவர் கேட்காமலே “இந்த வீடு வேண்டாம்” என்று கடைசியாக யாரிடம் எதற்காகச் சொன்னீர்கள். கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் வந்தால் அவரை நான் நம்புவேன்.

8. செல்லரிடம் கேளுங்கள், ஆனால் முதலில் லோன் ஆபீசரிடம் பேசுங்கள்.

உங்கள் ஏஜெண்டின் கூலியைச் செல்லர் தர வேண்டும் என்று ஆஃபரிலேயே எழுதலாம். செல்லர் ஒப்புக்கொள்ளலாம், பாதி தருகிறேன் என்னலாம், முடியாது என்றும் சொல்லலாம். செல்லர் பார்ப்பது கடைசியில் தன் கைக்கு வரும் தொகையை. ஆறு லட்சம் கொடுத்து 15,000 திருப்பிக் கேட்பவரும், 5,85,000 மட்டும் கொடுப்பவரும் அவருக்கு ஏறக்குறைய ஒன்றுதான். உங்களுக்கு ஒன்றல்ல. காரணம், ஏஜெண்ட் கூலியைத் தனியாகக் கடனில் சேர்க்க முடியாது. செல்லர் தராவிட்டால், க்ளோசிங் அன்று டவுன் பேமென்ட், மற்ற செலவுகளோடு அந்த 15,000-மும் ரொக்கமாக உங்கள் கணக்கில் இருக்க வேண்டும். பத்து சதவீத டவுன் பேமென்டுக்கு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி 60,000 சேர்த்தவர்களுக்கு இது பெரிய அடி. கையில் ரொக்கம் குறைவாக இருப்பவர்கள், விலையைக் குறைக்கச் சொல்வதை விடக் கூலியைத் தரச் சொல்வது நல்லது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் நிறுவனங்களின் விதிகளின்படி, அந்த ஊர் வழக்கப்படி செல்லர் நேராக உங்கள் ஏஜெண்டுக்குக் கொடுக்கும் கூலி, செல்லர் உதவித்தொகைக்கான உச்சவரம்பில் சேராது. “வாங்குபவரின் செலவுக்கு இவ்வளவு” என்று பொதுவாக எழுதினால் சேரும். பத்து சதவீதத்துக்குக் கீழே டவுன் பேமென்ட் போடுகிறவர்களுக்கு அந்த வரம்பு விலையில் 3 சதவீதம்தான். ஆகவே எப்படி எழுத வேண்டும் என்று லோன் ஆபீசரைக் கேட்டு எழுதுங்கள்.

எச்-1பி விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2025 மே 25 முதல், அரசு உத்தரவாதம் தரும் எஃப்.எச்.ஏ. கடன் குடிமக்களுக்கும், கிரீன் கார்டு வைத்திருப்பவர்களைப் போல நிரந்தரமாக வசிக்கும் உரிமை உள்ளவர்களுக்கும்தான். 3.5 சதவீதம் போட்டால் போதும் என்று பழைய வீடியோவைப் பார்த்துக் கணக்குப் போட்டு வைத்திருந்தால் மறுபடி போடுங்கள்.

9. புது வீடு கட்டும் பில்டரிடம் போகிறவர்கள், முதல் நாளே ஏஜெண்டோடு போங்கள், அல்லது ஏஜெண்டே வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டு போங்கள்.

மாடல் வீட்டில் காபி கொடுத்து உபசரிப்பவர் பில்டரின் சம்பளக்காரர். முதல் வருகையில் பேர் பதிவு செய்யாத ஏஜெண்டுக்குப் பல பில்டர்கள் பணம் தரமாட்டார்கள். தனியாகப் போகிறவர்கள், ஏஜெண்டுக்குப் போயிருக்கும் தொகையை விலையிலோ அப்கிரேடிலோ வட்டிக் குறைப்பிலோ கேளுங்கள். பில்டரின் சொந்த லோன் கம்பெனி காட்டும் சலுகையை, வெளியே ஒருவரிடம் வாங்கிய லோன் எஸ்டிமேட்டோடு வைத்து ஒப்பிடுங்கள். டெக்சாஸில் புதுக் குடியிருப்புகளில் குடிநீர், சாலை போன்ற வசதிகளுக்காகச் சொத்து வரியோடு சேர்ந்து வரும் மட் (MUD) வரி, பிட் (PID) கட்டணம் பற்றியும் கேட்டுவிடுங்கள். விற்பவர் தானாக அதைப் பெரிதாகச் சொல்லமாட்டார்.

10. “அங்கே நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்களா?” என்று ஏஜெண்டிடம் கேட்காதீர்கள்.

1968-ஆம் ஆண்டின் ஃபேர் ஹவுசிங் சட்டப்படி, இன்னார் வாழும் இடம் என்று சொல்லி ஒருவரை ஓர் ஊருக்கு இழுப்பதோ விலக்குவதோ சட்டவிரோதம். பதில் சொல்லாமல் மழுப்புகிறார் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் சட்டத்தை மதிக்கிறார். பள்ளி, அக்கம்பக்கம், சாயங்கால ட்ராஃபிக் எல்லாவற்றையும் நீங்களே போய்ப் பாருங்கள்.

11. இன்ஸ்பெக்டரை நீங்களே தேர்ந்தெடுங்கள், இன்ஸ்பெக்‌ஷனை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஏஜெண்டுக்குப் பணம் கிடைப்பது வீடு முடிந்தால்தான். நல்ல ஏஜெண்டும் அந்த ஆசையிலிருந்து முழுக்க விடுபட்டவர் அல்ல. அவர் சொல்லும் இன்ஸ்பெக்டர் பெயர்களோடு வெளியே விசாரித்த பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சியில் பழைய வீடு என்றால் மண்ணுக்கடியில் எண்ணெய்த் தொட்டி புதைந்திருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள், ரேடான் வாயுவை அளக்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 4 பிக்கோகியூரி தொட்டால் சரிசெய்ய வேண்டும் என்பது அரசின் பரிந்துரை. டாலஸ் பக்கம் களிமண் பூமி, ஈரத்தில் வீங்கி வெயிலில் சுருங்கும், அஸ்திவாரத்தை அதற்கென்று தெரிந்தவரிடம் காட்டுங்கள். கலிபோர்னியாவில் காட்டுத்தீ அபாயம் உள்ள இடமானால், வீட்டு இன்சூரன்ஸ் கிடைக்குமா, எவ்வளவுக்கு என்று தெரிந்த பிறகு மற்றதைப் பேசுங்கள். ஆஃபர் ஜெயிப்பதற்காக இன்ஸ்பெக்‌ஷன் வேண்டாம் என்று எழுதச் சொன்னால், அந்த வீடு போகட்டும் என்று எழுந்து வாருங்கள்.

12. பணம் அனுப்பும் வங்கிக் கணக்கு எண் ஈமெயிலில் மாறி வந்தால் அனுப்பாதீர்கள். முன்பே உங்களிடம் இருக்கும் எண்ணில் டைட்டில் கம்பெனியைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

13. ஏஜெண்ட் ஒத்துவரவில்லை என்றால், முறையாக விலகுங்கள்.

நீங்கள் கையெழுத்துப் போட்டது பெரும்பாலும் அந்த ஆளோடு அல்ல, அவர் வேலை செய்யும் தரகு நிறுவனத்தோடு. ஆகவே போன் எடுக்காமல் ஒதுங்கிப் போவதால் ஒப்பந்தம் முடிந்துவிடாது. அந்த நிறுவனத்தின் பொறுப்பாளரான ப்ரோக்கருக்கு எழுதுங்கள்: என்ன நடந்தது, எப்போது நடந்தது, ஒப்பந்தத்திலிருந்து விடுவித்துவிடுங்கள் என்று. பல இடங்களில் விடுவித்துவிடுவார்கள், அல்லது அதே நிறுவனத்தில் வேறு ஏஜெண்டைத் தருவார்கள். அவர் காட்டிய வீடுகளின் பட்டியலையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பின்னால் எந்த வீட்டுக்குக் கூலி கேட்கலாம் என்பது அதில்தான் இருக்கிறது. விடுவித்த கடிதம் கைக்கு வரும்வரை அடுத்த ஏஜெண்டின் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.